ஏழாவது மாளிகையின் வாசல்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மே மாதம் மகள் எங்கள் இருவரையும் பிரான்சுக்குச் சைக்கிள் சுற்றுலா அனுப்பினாள். புறப்படும் அன்று, எங்கள் மல்வேர்ன் வீட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் என்ர மனிசி தவமலர் என்னிடம் சத்தியம் வாங்கினா: "ஒரு சொட்டு வைன் வாயில படக்கூடாது." நானோ அந்த வைனுக்காகத்தான் போகவே சம்மதித்திருந்தேன்.

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஆறுதலாக மிதித்தோம். ஒரு நத்தை எங்களை இரண்டு தரம் முந்தியது. வழியில் தோட்ட முதலாளிகளின் ஆறு மாளிகைகளில் வைன் நீட்டினார்கள். ஆறிலும் தண்ணீர்தான் குடித்தேன்.

ஏழாவது மாளிகை வாசலில், பழக்கதோசத்தில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். அதே சுற்றுலாவில் எங்களுக்குப் பின்னால் வந்த நாற்பது வெள்ளைக்காரரும் அதுதான் அங்கத்தைய சட்டமாக்கும் என்று கழற்றினார்கள். வாசல் தேர்த்திருவிழாக் கோயில் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்காரக் கிழவிக்குக் கண் கலங்கியது. நானூறு வருசமாக அந்தத் தரையை ஒருவரும் மதித்ததில்லையாம். தன் கையாலேயே ஒரு கிளாஸ் பழைய வைன் ஊற்றித் தந்தா.

"பாரும் தவம், வேண்டாமெண்டால் பாவம், கிழவிக்கு மனம் நோகும்," என்றேன்.

"ஓம், நோகத்தான் செய்யும்." தவமலர் கிளாஸை என் கையிலிருந்து வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தா. "சத்தியம் பண்ணினது நீங்கள். நானில்லையே."

அன்று பின்னேரம் அவ ஏற்றத்தில்கூடக் கையை விட்டுவிட்டு ஓட்டினா. நத்தையையும் முந்தினா.

மல்வேர்னில் இதைச் சொன்னால், "உந்த மனுசன்ர புளுகு" என்கிறா. ஆனால் வருசா வருசம் மே மாதத்தில் இரண்டு சைக்கிளுக்கும் காற்றடித்து வைப்பது அவதான்.