கழற்றி வைத்த சாரி கார்டு

1

இது கதையாக ஆரம்பித்ததல்ல. திருச்சியிலிருந்து வரும் ஒரு சின்ன மாத இதழுக்கு, ‘பைக் ஓட்டுகிறவர்களுக்குப் பத்து யோசனைகள்’ என்ற கட்டுரையாகத்தான் ஆரம்பித்தது. நான்கு யோசனைகள் வரை நன்றாகவே போனது:

ஒன்று. ஹெல்மெட்டைப் பட்டை மாட்டாமல் போட்டால் அது வெறும் தொப்பி. பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது கூடாது.

இரண்டு. காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். பின்னால் ஆள் ஏறினால் பின்டயருக்கு நாலைந்து பவுண்டு கூடுதலாக வேண்டும்.

மூன்று. செயினைக் கம்பி மாதிரி இறுக்காதீர்கள். விரலால் தூக்கினால் ஓர் அங்குலம் ஆட வேண்டும். ஆள் உட்கார்ந்தால் அது தானே இறுகும்.

நான்கு. முன்பிரேக்கைக் கண்டு பயப்படாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். மணல் கிடந்தால் மட்டும் முன்பிரேக்கைக் கவ்வ வேண்டாம்.

ஐந்து. வண்டியில் கேட்கும் எந்தச் சத்தத்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஆடுகிற பாகத்தை உடனே கழற்றி

அங்கே பேனா நின்றது. எழுதுகிறவனின் கண் கதவுக்குப் பின்னால் போயிற்று. துடைப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சாரி கார்டு சாய்ந்து நின்றது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பின்சக்கரத்தின் இடது பக்கம் வளைத்து மாட்டியிருக்கும் கம்பித் தடுப்பு அது. பின்னால் ஒருக்களித்து உட்காருகிறவரின் புடவை சக்கரத்துக்குள் போகாமல் தடுப்பது ஒன்றே அதன் வேலை. அது இருக்க வேண்டிய இடம் அடைக்கலத்தின் பைக். கழற்றிக்கொண்டு வந்தவன் இந்த யோசனைகளை எழுதிக்கொண்டிருந்தவன். கழற்றிய ஒன்பதாம் நாள், அடைக்கலத்தின் மனைவி வேணியின் முந்தானை பின்சக்கரத்தில் சிக்கியது.

2

‘நான்’ என்று மூன்று முறை தொடங்கிப் பார்த்தாயிற்று.

நான் இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவன், இதுவரை ஒரு சின்னக் கீறல்கூட

(அடித்தாயிற்று.)

நான் நல்லது நினைத்துத்தான் அதைக்

(அடித்தாயிற்று.)

மூன்றாவது முறை எழுதியதை இங்கே போட வெட்கமாக இருக்கிறது. அதில் மழை பெய்கிறது, நான் அழுகிறேன். எத்தனை முறை எழுதினாலும் ‘நான்’ எப்படியோ நல்லவனாகிவிடுகிறான். அதனால் இனி ‘அவன்’. பெயர் ஜெயக்குமார் என்று வைத்துக்கொள்வோம். கே.கே. நகரில் குடியிருக்கிறான். அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறவன். வீட்டில் ஒரு ஸ்பேனர் செட் இருப்பதால் தன்னை மெக்கானிக் என்று நம்புகிறவன். இவனைத் திட்டுவது எனக்குச் சுலபம். உங்களுக்கும் சுலபமாக இருக்கட்டும்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடைக்கலம் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தான். இருவரும் கல்லூரியிலிருந்தே கூட்டாளிகள். வண்டி தெருமுனை திரும்பும்போதே ஜெயக்குமார் காதைத் தீட்டிக்கொண்டான்.

“என்னடா சத்தம் அது?”

“எனக்கு ஒண்ணும் கேக்கலயே.”

“உனக்கு எப்படிடா கேக்கும்? ஒரு டிரம் செட்டையே பின்னாடி கட்டிக்கிட்டு வர்ற.”

சாரி கார்டின் மேல் கிளாம்ப் விட்டிருந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அது லொடலொடவென்று அடித்தது. ஜெயக்குமார் இரண்டு போல்ட்டைக் கழற்றி, ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டான். அப்புறம் நாலடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து வண்டியை ரசித்தான்.

“இப்பப் பாரு, எப்படி இருக்குன்னு. பத்து வயசு குறைஞ்சிருச்சு வண்டிக்கு.”

(முதல் பிரதியில் இந்த இடத்தில் அடைக்கலம் எதுவும் பேசவில்லை. ஜெயக்குமார் அவனைப் பேசவிடாமல் பார்த்துக்கொண்டான். ஆனால் அடைக்கலம் பேசினான். இதோ.)

“டேய், வேணி தினமும் புடவைதான் கட்டும்.”

“ஒரு வாரந்தான்டா. அரியமங்கலத்துல தெரிஞ்ச பட்டறை இருக்கு. வெல்டு வெச்சு நானே கொண்டாந்து மாட்டிடுறேன்.”

அரியமங்கலம் கே.கே. நகரிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. அந்த வாரம் முழுக்க அவன் அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு ஒரு நல்ல காரணம் வைத்துத்தர வேண்டும் என்றுதான் எந்தக் கதாசிரியனுக்கும் தோன்றும். அலுவலகத்தில் ஆடிட், வீட்டில் காய்ச்சல், இப்படி ஏதாவது. அப்படி எதுவும் இல்லை. மறந்துவிட்டான்.

4

அதற்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால்.

வேணி ஜீயபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அடைக்கலம் அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பினான். மாம்பழச்சாலை சிக்னலில் நின்று, காவிரிப் பாலத்தில் ஏறினார்கள். வேகம் இருபதுகூட இருக்காது. பாலத்தில் எப்போதும் அடிக்கும் குறுக்குக் காற்று அன்றும் அடித்தது.

முந்தானை சக்கரத்துக்குள் போனது. கணவன் தோளைப் பிடித்திருந்த வலது கையை அவள் விடவில்லை. சக்கரம் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் இழுத்ததில் வலது தோள் பிசகி எலும்பு முறிந்தது. அவள் ரோட்டில் விழுந்தாள். பின்னால் வந்த பஸ் டிரைவர் நல்ல பிரேக் அடித்தார். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஹெல்மெட் இருந்தது.

(ஹெல்மெட் வாங்கிக்கொடுத்து, பட்டையில் இரண்டு விரல் விட்டுக் காட்டியது ஜெயக்குமார்தான். இதை எங்கே சேர்ப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கே சேர்த்தாலும் வக்கீல் வாதம் மாதிரியே கேட்கிறது. அதனால் அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன்.)

ஆஸ்பத்திரியில் அடைக்கலம் ஜெயக்குமாரின் முதுகில் தட்டினான். “நீ என்னடா பண்ணுவ? விதி. விடு.” பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், நேரம் சரியில்லை, பெரிய கண்டம் இதோட போச்சு என்றார். ஜெயக்குமார் தலையாட்டினான். யார் எதைச் சொன்னாலும் ஆட்டினான். அன்று அந்த வார்டில் அவன் தலையைப் போல ஆடியது வேறொன்றும் இல்லை.

மூன்று மாதம் கழித்து வேணி பள்ளிக்குத் திரும்பினாள். கை தோளுக்கு மேல் எழவில்லை. கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுத முடிகிறது. கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதுகிறார்கள். இதை அவனிடம் சொன்னவன் அடைக்கலம். வேணி அவனிடம் எதுவுமே சொல்லவில்லை. போனால் டீ வரும், ‘நல்லா இருக்கீங்களாண்ணே’ வரும். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஜெயக்குமாருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். தப்பு அவனுடையதா, இல்லையா? விதி, கண்டம், நேரம் என்று ஊரே பதில் வைத்திருந்தது. பதில் சொல்ல வேண்டியவள் டீதான் கொடுத்தாள்.

5

லின்சி போன் செய்தாள். இதழின் ஆசிரியர் அவள்தான்.

“சார், கட்டுரை எங்க சார்?”

“கதையா ஆயிடுச்சும்மா.”

“பத்து யோசனைன்னு அட்டையே அடிச்சாச்சு சார்!”

“யோசனையும் உள்ள இருக்கு.”

“முடிவு இருக்கா சார்?”

இல்லை. அதனால் அன்றே உட்கார்ந்து மிச்ச ஐந்து யோசனைகளை ஒப்பேற்றினான்: கண்ணாடி, செருப்புக்குப் பதில் ஷூ, பாலத்தின் இணைப்புகளை நேராகக் கடப்பது, இன்டிகேட்டர். பத்தாவதாக, பின்னால் உட்காருகிறவர்களுக்கும் ஒரு வரி இருக்கட்டும் என்று இதைச் சேர்த்தான்: ‘பின்னால் அமரும் பெண்கள் முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.’

அப்புறம் மூன்று முடிவுகளும் எழுதினான்.

அ) வேணி சிரிக்கிறாள். “விடுங்கண்ணே” என்கிறாள்.

ஆ) சாரி கார்டு திரும்ப மாட்டப்படுகிறது. வேணி மறுபடி பின்னால் ஏறி உட்காருகிறாள். கீழே காவிரியில் தண்ணீர் போகிறது.

இ) வேணி தானே ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது. தண்ணீர் நன்றாக வந்திருந்தது. உங்களிடமே விட்டுவிடலாம் என்றும் ஒரு எண்ணம் இருந்தது, இந்த மாதிரிக் கதைகளில் அப்படி ஒரு வசதி உண்டு. ஆனால் உங்களுக்கு முன்னால் இதைப் படிக்க வேண்டியவள் ஒருத்தி இருந்தாள்.

6

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெயக்குமார் ஸ்ரீரங்கம் போனான். வேணி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அடைக்கலம் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தான்.

“ஒரு கதை எழுதியிருக்கேம்மா. உங்களைப் பத்தினது. பாத்துச் சொன்னா…”

அவள் தாள்களை வாங்கி, கையிலிருந்த சிவப்புப் பேனாவோடு படித்தாள். கணக்கு டீச்சர்கள் கதை படிக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது என்பதை ஜெயக்குமார் அன்றுதான் கண்டான்.

“மொத முடிவுல நான் சிரிக்கிறேன்.”

“ஆமாம்மா.”

“நான் சிரிக்கவே இல்லயேண்ணே.” கோடு போட்டாள்.

“ரெண்டாவதுல மறுபடி வண்டில ஏறிட்டேன்.”

“ஒரு நம்பிக்கையா இருக்கட்டுமேன்னு…”

“நான் பஸ்லதான் போறேன். இடது கையால கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.” இன்னொரு கோடு. “மூணாவதுல ஸ்கூட்டர் ஓட்டுறேன். ஆக்சிலேட்டர் எந்தக் கைலண்ணே இருக்கு?”

அவன் தன் வலது கையைப் பார்த்தான். மூன்றாவது கோடும் விழுந்தது. பக்கத்தைப் பின்னால் திருப்பி, பத்தாவது யோசனைக்குக் கீழே பேனாவை நிறுத்தினாள்.

“இது சரியான யோசனைதான்.”

“அப்படியாம்மா?”

“என் மாமியாரும் இதான் சொன்னாங்க. எங்க எச்.எம்.மும் இதான் சொன்னாங்க. கட்டுப் போட்ட நர்சம்மா, ‘முந்தானைய ஒழுங்காப் பிடிச்சிருக்கக் கூடாதா’ன்னாங்க. நான் அப்ப அரை மயக்கத்துல இருக்கேன். இப்ப நீங்களும் எழுதிட்டீங்க.”

“ஐயோ, நான் அந்த அர்த்தத்துல எழுதலம்மா…”

“இவரு விதின்னாரு. நீங்க தலையாட்டினீங்க. விதியப் போயி யாரு கேள்வி கேக்கிறது? யார் பேர்லயாச்சும் எழுதணுமில்ல, கடைசியில என் பேர்ல எழுதிட்டாங்க. முந்தானைய விட்டவ நாந்தான்னு. இத்தனை மாசமா நானும் அது சரிதானோன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

கேட்க வந்ததை ஜெயக்குமார் மாதக்கணக்கில் நெஞ்சுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்தான். வாயில் வந்தது வேறு.

“நேரா கேட்டுடுறேன், வேணி. அது என் தப்புதானா?”

உள்ளேயிருந்து அடைக்கலம் கத்தினான். “டேய், அதெல்லாம் இப்ப எதுக்குடா…”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் அவள், சமையலறைப் பக்கம் திரும்பாமலே. “அவரு என்னையக் கேட்டாரு.”

பேனாவை மூடி வைத்தாள்.

(அடுத்த வரி அவளுடையது. அதற்குக் கீழே எழுதுகிறவன் எதையும் சேர்க்கப் போவதில்லை.)

“ஆமாண்ணே. உங்க தப்புதான்.”