எட்டேகால் போன்

சுவருக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மாவின் போன் அடித்தது. மணி எட்டேகால். டைப்பிஸ்டம்மா கழுவிக்கொண்டிருந்த டம்ளரைத் தொட்டியிலேயே வைத்துவிட்டுக் குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு சரியாகக் கேட்காதே.

"ஒண்ணும் இல்லடா கண்ணா, நல்லாத்தான் இருக்கேன். இப்பதான் எழுந்தேன்... சரி, சரி, போட்டுடறேன்."

இப்போதுதான் எழுந்தாளாம்! ஏழே முக்காலுக்கே இங்கே வந்து சட்டமாக உட்கார்ந்து, இரண்டு டம்ளர் டீயும் நாலு பிஸ்கட்டும் உள்ளே தள்ளிவிட்டுப் போனவள்! கூசாமல் பேசுகிறாளே என்று டைப்பிஸ்டம்மாவுக்குக் காதில் புகை வந்தது. உண்மையில் அவளுக்கு எரிந்தது பொய்யினால் அல்ல, அந்தக் 'கண்ணா'வினால்தான்.

வயதானவர்களுக்கென்று நகராட்சி கட்டிய குடியிருப்பு அது. ஆளுக்கு ஓர் அறை, ஒரு சமையல் மேடை. நடுவில் இருக்கும் சுவரைச் சுவர் என்று மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னால் இரட்டைப்படை அறைகளுக்கு மட்டும் முதல் தவணையாகக் கண்காணிப்புக் கருவிகள் வந்தன. பன்னிரண்டாம் நம்பர் நர்ஸம்மாவுக்கு வந்தது. பதினொன்றாம் நம்பர் டைப்பிஸ்டம்மாவுக்கு வரவில்லை. கதவில் ஒன்று, கட்டிலுக்கடியில் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலாக, கெட்டில் செருகும் இடத்தில் பச்சை விளக்கோடு ஒரு வெள்ளை டப்பா. காலை எட்டு மணிக்குள் கெட்டில் சூடாகவில்லை என்றால் பிள்ளைகளின் போனுக்குத் தானாகவே செய்தி போய்விடும். வயதானவர்கள் எழுந்ததும் முதலில் தண்ணீர்தான் கொதிக்க வைப்பார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் நர்ஸம்மாவின் பையன் மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் பெரிது. டைப்பிஸ்டம்மாவின் பெண்ணும் அப்படித்தான். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் சரிசமமாக இருந்தார்கள், அதனால் சிநேகமாகவும் இருந்தார்கள். இப்போது ஒருத்திக்குத் தினமும் போன். மற்றவளுக்குத் தினமும் வயிற்றெரிச்சல். எட்டு மாதத்துக்கு முன்னால் பெண் வந்திருந்தபோதுகூட, ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நர்ஸம்மாவின் நம்பரை வாங்கிக்கொண்டு, பத்து நிமிடம் அவளோடு சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனாள். அதை டைப்பிஸ்டம்மா இன்னும் மறக்கவில்லை.

ஆனாலும் காலை டீ நின்றதில்லை. "உன் கைப்பக்குவம் எனக்கு வராது டைப்பு" என்று நர்ஸம்மா தினமும் வந்துவிடுவாள். எட்டடித்துப் பத்து நிமிடத்தில், "போனைச் சார்ஜ்ல போட்டிருக்கேன்" என்று எழுந்து ஓடுவாள். பொறாமை ஒரு பக்கம் இருந்தாலும், அந்தக் கைப்பக்குவப் பேச்சில் டைப்பிஸ்டம்மா கொஞ்சம் குளிர்ந்துதான் போயிருந்தாள்.

ஒற்றைப்படை அறைகளுக்கு இரண்டாம் தவணை வந்தது. கருவி பொருத்த வந்த டெக்னீஷியன் கையில் தட்டுப்பலகை போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான்.

"பக்கத்து ரூம் அம்மாகிட்ட கொஞ்சம் சொல்லுங்கம்மா. மூணு மாசத்துல ஒருநாள்கூட அவங்க கெட்டில் எட்டு மணிக்கு முன்னாடி ஓடல. தினம் அவங்க பையனுக்கு மெசேஜ் போய்ட்டே இருக்கு. டீ குடிக்கிற பழக்கமே இல்லையா அவங்களுக்கு?"

டைப்பிஸ்டம்மா மூஞ்சியில் ஈயாடவில்லை. டீ குடிக்கிற பழக்கமா! தொண்ணூறு நாள், நாளுக்கு இரண்டு டம்ளர்! கைப்பக்குவமும் இல்லை, மண்ணும் இல்லை. தன் கெட்டிலை ஆறப் போடுவதற்காக இவளுடைய கெட்டிலுக்கு வந்திருக்கிறாள். இவள் டீயைக் குடித்துத்தான் அந்தப் பையனின் போனை வரவழைத்திருக்கிறாள். அடிப்பாவி!

"இருக்கட்டும், சொல்றேன்" என்றாள். சொல்லப்போவதில்லை. அதைவிட நல்ல யோசனை ஒன்று அவளுக்கு வந்துவிட்டது.

மறுநாள் ஏழே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. திறக்காமலே, "இன்னைக்கு டீ இல்லக்கா, உடம்பு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

"என்ன பண்ணுது? பி.பி. பாக்கவா?"

"ஒண்ணும் வேணாம். படுத்தாச் சரியாயிடும்."

படுக்கவில்லை. தலையை வாரிக்கொண்டாள், நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டாள். போனில் பேசத்தானே போகிறோம், இது எதற்கு என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. போனை மேஜையில் நிமிர்த்தி வைத்து எதிரில் உட்கார்ந்தாள். டீ இல்லாமல் மண்டை இடித்தது. எட்டு மணிக்கு டப்பாவின் பச்சை விளக்கு மஞ்சளானது. செய்தி போய்விட்டது! 'இப்பதான் எழுந்தேன்' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் கேட்க வேண்டுமே.

எட்டேகால். போன் அடிக்கவில்லை. இவள் போனும் இல்லை, அவள் போனும் இல்லை.

எட்டு இருபதுக்கு அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம்.

"யாரு... அடடே, நீயாம்மா! எப்படி இருக்கே?... அம்மாவா? இப்பதான் குரல் கேட்டேன், உடம்பு சரியில்லைன்னா... ஐயோ, பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் இருக்கேன்ல... சரிடா கண்ணா, பாத்துட்டுச் சொல்றேன்."

டைப்பிஸ்டம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தன் பெண்ணின் குரல் இந்தச் சுவருக்கு ஓரடி தூரம்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. அவளையும் 'கண்ணா' என்று கூப்பிட்டாயிற்று. ஒன்றைக்கூட மிச்சம் வைக்க மாட்டாளா இவள்?

கதவு தட்டப்பட்டது. நர்ஸம்மா ஒரு கையில் பி.பி. கருவியும் மறு கையில் ஆவி பறக்கும் டம்ளருமாக நின்றாள். வாரிய தலையையும் நல்ல சேலையையும் மேலும் கீழும் பார்த்தாள். மேஜையில் நிமிர்த்தி வைத்த போனைப் பார்த்தாள். மஞ்சள் விளக்கைப் பார்த்தாள். நர்ஸம்மா ஒன்றும் முட்டாள் இல்லை.

"தெரிஞ்சுபோச்சா?" என்றாள்.

"தெரிஞ்சுபோச்சு."

"எட்டு வரைக்கும் பொறுக்கலாம்னு பாத்தேன். தலைவலி தாங்கல. எட்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே நானே தண்ணி போட்டுட்டேன். உன் புண்ணியத்துல என் பையன் இன்னைக்குக் கூப்பிடல. போதுமா?"

போதும்தான். கொஞ்சம் இனித்தது. ஆனால் அந்த இனிப்பு நாக்கில் நிற்கவில்லை.

"என் பொண்ணு உன்கிட்ட என்ன பேசினா?"

"என்ன பேசுவா? ரெண்டு வார்த்தை. டீயைக் குடி, ஆறிடப்போகுது."

"என்ன ரெண்டு வார்த்தை?"

"டைப்பு..."

"முப்பத்தி நாலு வருஷம் ஆபீஸர் சொல்லச் சொல்ல டைப் அடிச்சவ நான். ஒரு வார்த்தை விட்டாலும் எனக்குத் தெரிஞ்சிடும். முதல்லேருந்து சொல்லு."

நர்ஸம்மா பி.பி. கருவியை மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"'ஆன்ட்டி, நான்தான்'னா."

"ம்."

"'அம்மா இன்னும் கெட்டில் போடலையாம், மெசேஜ் வந்துச்சு'ன்னா."

"ம். குரல் எப்படி இருந்துச்சு?"

"பயந்த மாதிரி இருந்துச்சு."

"பயந்த மாதிரியா? நெஜமாவா? அப்புறம்?"

டம்ளரில் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. டைப்பிஸ்டம்மாவின் பத்து விரல்களும் மேஜை விளிம்பில் வந்து உட்கார்ந்து, அவள் பெண்ணின் ஒவ்வொரு வார்த்தைக்கும் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன.