துணைக்கு ஓர் ஆள்

ஹவானா விளையாட்டு முகாமில் ஒடால்மிஸைத் தெரியாதவர் கிடையாது. அவள் குண்டு எறிகிறவள். ஆனால் குத்துச்சண்டைக்காரனுக்குக் காதல் முறிந்தாலும் சரி, ஓட்டக்காரிக்குத் தலை பின்ன வேண்டுமென்றாலும் சரி, எல்லோரும் அவள் அறைக்குத்தான் ஓடுவார்கள். வெளிநாட்டுப் போட்டிக்குப் போனால் பிரேசில்காரியும் போலந்துக்காரியும்கூட அவளோடு படமெடுத்துக்கொள்ள முண்டியடிப்பார்கள். அழ வந்தவர்களை வாயடித்தே சிரிக்கவைத்து அனுப்புவாள். அவளுக்கு அழுகை வந்தால் எங்கே போவாள் என்று ஒருத்தராவது யோசித்திருப்பார்களா? ம்ஹூம்.

இந்த வருஷம் அவளுக்குத் தோள்பட்டையில் தசைநார் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தால்தான் இனிக் குண்டைத் தூக்க முடியும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை காலை வாளி, போர்வை, மேசை விசிறி எல்லாவற்றையும் ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். துணைக்கு ஓர் ஆள்தான் இல்லை. குளிப்பாட்ட, சோறு ஊட்ட, ராத்திரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க ஒருவர் இல்லாமல் அங்கே யாரையும் கட்டிலில் சேர்க்க மாட்டார்கள்.

அவளுக்கு அம்மா இல்லை. தம்பி கடல் தாண்டிப் போய்ப் பல வருஷமாகிறது. முகாமில் இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது வராமலா போவார்கள் என்று வாய் திறந்து கேட்காமலே இருந்துவிட்டாள். அவர்களோ, ஒடால்மிஸுக்கா ஆள் பஞ்சம், இந்நேரம் அந்த நாற்காலிக்கு அடிதடியே நடந்திருக்கும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டார்கள்.

நர்ஸ் வந்து வந்து விசாரித்தாள். மதியத்துக்குள் ஆள் வராவிட்டால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும், மறுபடி எப்போது கிடைக்குமென்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். ஒடால்மிஸ் வெட்கத்தை விட்டு, தடையோட்டக்காரி யனேசிக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா, அங்க ஒரே கூட்டமா இருக்குமே? எங்களுக்கும் கொஞ்சம் இடம் வைங்க."

"யாரும் வரலடி யனேசி. எனக்குன்னு ஒருத்தரும் இல்ல. நீ வர்றியா?"

யனேசி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏய், எல்லாரும் இங்க வாங்கடி. ஒடால்மிஸ் அக்காவுக்கு யாருமே இல்லையாம்!"

உடைமாற்றும் அறையே சிரித்தது. எது யாருடைய சிரிப்பு என்று ஒவ்வொன்றாக அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நிஜமாகத்தான் கூப்பிடுகிறேன் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அதற்கும் சிரித்துவிட்டால் தாங்க முடியாது என்று பயந்துவிட்டாள்.

"சரி சரி, சிரிச்சது போதும். போய் ஓடுங்க" என்று போனை வைத்தாள்.

நர்ஸ் வாசலில் நின்றிருந்தாள். ஒடால்மிஸ் இல்லையென்று தலையை ஆட்டினாள். நர்ஸ் வராந்தா பக்கம் திரும்பி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். முழங்கால் வீங்கிய ஒரு பெண் எழுந்து வந்தாள். கூடவே அவள் புருஷனும், அக்காவும், அக்கா மகளும் வந்தார்கள்.