வழவழப்பான கால்சட்டை

வருடம் தவறாமல் ஜூலை முதல் வாரம் பெர்கன் நகரத்திலிருந்து அக்கா தூருனும் தம்பி ஷூரும் பனியில் சறுக்க யோத்துன்ஹெய்மன் மலைக்குப் போவார்கள். இந்த முறை தூருனுக்கு லீவு கிடைத்ததே ஆகஸ்ட் கடைசியில்தான். சரிவில் கிடந்த பனி வழக்கம்போல வெள்ளைவெளேரென்றுதான் இருந்தது. கோடை முழுக்க உருகிய தண்ணீர் அதன் அடிவயிற்றை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யார் யோசித்தார்கள்?

இருவரும் பைகளைச் சரிவின் உச்சியிலேயே வைத்துவிட்டு மழைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டார்கள். உட்கார்ந்து சறுக்குவதற்கு அதைவிட வழவழப்பான துணி கிடையாது.

"கீழ தண்ணி சத்தம் கேக்குதுக்கா," என்றான் ஷூர்.

"முப்பது வயசாச்சு, இன்னும் தொடைநடுங்கி. போடா."

போனான். சிரித்துக்கொண்டேதான் போனான். பாதி தூரத்தில், ஒரு பாறையை ஒட்டி, பனி பொத்தென்று உடைந்து அவனை விழுங்கியது.

தூருன் ஓரக் கற்களைப் பிடித்து இறங்கி அந்தப் பாறைக்கு வந்தாள். இரண்டு ஆள் ஆழத்தில், ஐஸ் தண்ணீரில் இடுப்பளவு நின்றிருந்தான். போனில் சிக்னல் இல்லை. ஆளைக் கூட்டிவர ஓடினால் திரும்புவதற்குள் விறைத்துவிடுவான்.

"காலு மரத்துப்போச்சுக்கா."

தன் மழைக் கால்சட்டையைக் கழற்றி, மழை அங்கியோடு முடிச்சுப் போட்டு இறக்கினாள். அவன் பிடித்தான்; அவள் இழுத்தாள்; முடிச்சு வழுக்கிக்கொண்டு அவிழ்ந்தது. கால்சட்டையைத் தண்ணீர் பனிக்கடியில் இழுத்துக்கொண்டு போயிற்று. பாழாய்ப்போன வழவழப்பு.

கம்பளிச் சட்டை, உள்ளே போட்டிருந்த நீளமான கம்பளிக் கால்சட்டை எல்லாவற்றையும் உருவினாள். வெட்கத்துக்கெல்லாம் நேரமில்லை. முடிச்சுப் போட்டு இறக்கினாள்; கம்பளி கம்பளியைக் கவ்விக்கொண்டது.

"மணிக்கட்டுல சுத்துடா."

"விரல் மடங்கலக்கா. நீ போயி ஆளைக் கூட்டிட்டு வா."

"பல்லால இழுத்துச் சுத்து. சுத்துடா நாயே."

சுற்றினான். பாறையில் இரண்டு குதிகாலையும் முட்டுக்கொடுத்து இழுத்தாள். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. பாதியில் அவன் கனம் அப்படியே நின்றுவிட்டது. கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இழுத்தாள். ஒரு கை பாறை விளிம்பில் தெரிந்தது. பாய்ந்து பிடித்தாள்.

மேலே ஏறிப் பைகளை எடுத்துவந்து, உள்ளே இருந்த காய்ந்த துணியையெல்லாம் அவன்மேல் சுற்றி, நீலம் பாரித்த பாதங்களை மடியில் வைத்து விடாமல் தேய்த்தாள். வெகுநேரம் கழித்து அவன் உதடு அசைந்தது.

"தண்ணி சத்தம் கேக்குதுன்னு... சொன்னேன்ல."

"சொன்னேடா," என்றாள் தூருன். "சொன்னே, சொன்னே." தேய்க்கிற கை மட்டும் நிற்கவில்லை.