ஏகநாதன் கட்டிய மூட்டை

ஆறாயிரத்து நானூற்று எண்பது ரூபாய். மேற்குத் தாம்பரத்தில் நண்பர்கள் இருவரும் சேர்ந்து பிடித்த அறைக்கு பாலகுரு தராமல் நின்ற வாடகைப் பங்கு அது. பீர்க்கன்கரணை ஏகநாதன்தான் அவனுக்கும் சேர்த்துக் கட்டியிருந்தான்.

அந்த அறையில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். இருவருமே லினக்ஸில் ஓடுகிற, தமிழில் பில் போடுகிற புரோகிராம் எழுதினார்கள். கோவளத்து பாலகுருவுடையது 2006-ல் ஒரு லினக்ஸ் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. உலகத்தில் எவன் வேண்டுமானாலும் ஒரு வரி தட்டி இறக்கிக்கொள்ளலாம். ஏகநாதனுடையது சேர்க்க முடியாது என்று திரும்பி வந்தது. வாடகை பாக்கி வைத்திருக்கிறவனுக்கு வந்த வாழ்வைப் பார் என்று பொருமினான்.

தொகுப்பில் எதைச் சேர்க்கலாம் என்று பார்ப்பவர்களில் ஒருவர் குரோம்பேட்டை சுந்தரராமன். ஏகநாதன் அவரிடம் நேரில் போய்க் கேட்டான்.

"ஊரான் எழுதின லைப்ரரி, அந்தத் துணை புரோகிராம் எல்லாத்தையும் உன் புரோகிராம் மூட்டைக்குள்ளயே திணிச்சு வச்சிருக்கியேப்பா. அதெல்லாம் தொகுப்புல பொதுவா இருக்கு. ஒரே காம்பவுண்டுல ஆளாளுக்கு போர்வெல் போட்டா எப்படி? பொதுவுல ஓட்டை விழுந்தா ஒரே இடத்துல அடைச்சிடுவோம். உன் மூட்டைக்குள்ள இருக்கறதை யார் வந்து அடைப்பா? வெளியே எடு."

"சார், பொதுவுல இருக்கிற பிரிண்ட் லைப்ரரி தமிழ் எழுத்தோட அடியை வெட்டிடுது. என் காப்பியில நான் திருத்தி வச்சிருக்கேன்."

"அப்ப அந்தத் திருத்தத்தைப் பொதுவுக்குக் குடு. எல்லாருக்கும் சரியாயிடும்."

எல்லாருக்கும் என்றால் பாலகுருவுக்கும். அதற்குத்தான் ஏகநாதனுக்கு மனசு வரவில்லை.

பாலகுருவைக் கூப்பிட்டு அவன் புரோகிராமைப் போட்டுக்கொண்ட கோவளத்து மீன் ஏலக்காரர் கூலிப் பணத்தை நிறுத்தி வைத்திருந்தார். "பில்லுல எழுத்துக்கு காலே இல்லியாம் மச்சான். தெனம் சண்டையா கீது. நானும் தலகீழா நின்னு பாத்துட்டேன். துட்டு வந்தா மொதல்ல உன் பாக்கிதான்" என்று பாலகுரு புலம்பினான்.

மருந்து பக்கத்து மேசையில் இருந்தது. ஏகநாதன் "பாப்போம்டா" என்றதோடு சரி. அவன் புலம்பப் புலம்ப உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒரு மாசம் அந்தச் சுகத்திலேயே ஓட்டினான்.

ஆனால் தொகுப்பைத் திறக்கும்போதெல்லாம் பாலகுருவின் பெயர் முகத்தில் அடித்தது. அவன் கெட வேண்டும் என்பதைவிட, தானும் அங்கே இருக்க வேண்டும் என்பது பெரிதாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தத்தை அனுப்பினான். மூட்டையைப் பிரித்து ஊரான் சரக்கையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி கட்டினான்.

இந்தத் தடவை தொகுப்பில் சேர்ந்தது. பாலகுரு ஒரு விரலும் அசைக்காமல் அவன் பில்லுக்கும் கால் முளைத்தது.

கோவளத்திலிருந்து நேராக வந்தான். "மச்சான், சரி பண்ணது நீதானாமே! ஏலக்காரர் துட்டக் குடுத்துட்டாரு. இந்தா, புடி."

"இப்ப என்னடா அவசரம்? வச்சுக்க, மெதுவா குடு."

ஏகநாதனுக்குக் கை நீளவில்லை. பாலகுரு தன்னிடம் தணிந்து பேசியது இந்தப் பாக்கியால்தான். அதுவும் போய்விட்டால் அவனுக்கு மேலே நிற்கத் தன்னிடம் என்ன இருக்கிறது?

"பேஜார் பண்ணாத." நோட்டுகளை ஏகநாதனின் சட்டைப்பையில் திணித்துவிட்டு பாலகுரு நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினான். "ஆறாயிரத்து ஐநூறு கீது. மேல இருபதுக்கு டீ சொல்லு மச்சான்."

ஏகநாதன் எழுந்து போய் டீ சொன்னான்.