கோல்டர் முகட்டுக்கு வந்த கடிதங்கள்

1998 மார்ச் மாதம், ஐடஹோ மாநிலத்து டென்னிங் ஃபோர்க் ஊரின் வனத்துறை அலுவலகத்தில் பொதுமக்கள் அனுப்பியிருந்த கடிதங்கள் வேர்விட்டன. முதலில் விட்டது நெப்ராஸ்காவிலிருந்து ஒரு பல்மருத்துவர் எழுதியது. அலுவலக எழுத்தர் ஆர்டிஸ் குவில்லன் அதைக் கோப்பிலிருந்து எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. பெட்டியின் அடியைத் துளைத்துக்கொண்டு தரைக்குள் போயிருந்தது. தேதியையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதிவிட்டு அவள் அடுத்த கடிதத்தைப் பிரித்தாள்.

ஊருக்குப் பின்னாலிருக்கும் கோல்டர் முகட்டுக்கு அதுவரை சாலை கிடையாது. சாலை போட்டு மரம் வெட்டலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று அரசாங்கம் கேட்டிருந்தது. தேசிய வனம் என்பதால் ஐடஹோக்காரர்கள்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நாட்டில் யாரும் எழுதலாம். தொண்ணூறு நாள் அவகாசம். வருகிற கடிதங்களைப் படித்து, 'வெட்டலாம்' ஒரு பெட்டி, 'விட்டுவிடலாம்' ஒரு பெட்டி என்று பிரிப்பது ஆர்டிஸின் வேலை. ஊரில் தொள்ளாயிரம் பேர்; நூற்று நாற்பது பேருக்கு மர அறுவை மில்லில் சம்பளம். அவள் கணவன் மெர்ல் அந்த மில்லுக்காக முப்பத்தொரு வருடமாக மரம் சாய்த்துவந்தவன்.

இரண்டு பெட்டிகளும் ஒரே மாதிரித்தான் முளைத்தன. ரேஞ்சர் பெக்ஸ்ட்ராம் பாரபட்சம் ஏதாவது இருக்கிறதா என்று அளவு நாடாவோடு வந்து பார்த்தார், இல்லை என்று கையெழுத்திட்டார். ஏப்ரலில் தரைப்பலகைகள் பெயர்ந்தன. மே மாதம் கடிதங்கள் ஊசியிலை ஃபிர் மரங்களாகிக் கூரையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தன. எழுதியவர்களின் கையெழுத்து பட்டையில் அப்படியே இருந்தது, எழுத்துப் பிழைகள் உட்பட. ரேஞ்சர் தன் மேசையை வாகன நிறுத்துமிடத்தில் தார்ப்பாய்க்குக் கீழே போட்டுக்கொண்டார். தலைமை அலுவலகம் மூலக் கடிதங்களை அனுப்பச் சொன்னது. அவை நெட்டுக்குத்தாக நிற்கின்றன, அனுப்ப இயலாது என்று ஆர்டிஸ் பதில் போட்டாள். அப்படியானால் உயரத்தையும் குறித்து அனுப்பவும் என்று மறு தபால் வந்தது.

பத்தில் எட்டுக் கடிதம் வெளியூர்க்காரர்களுடையது, பெரும்பாலும் 'விட்டுவிடலாம்'. அது ஊருக்கு எரிச்சல். பக்கத்து வீட்டு வெர்ன் டாலி மரலாரி ஓட்டுகிறவன். காப்பிக்கடையில் ஆர்டிஸைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவான்.

"ஏம்மா, புருஷன் மலையில வெட்டித் தள்ளுறான், நீ ஆபீசுல வளத்துத் தள்ளுறியே. வீட்ல சோறாவது ஒண்ணா திங்கிறீங்களா?"

"உன் லெட்டரும்தான் அங்க முளைச்சிருக்கு வெர்ன். தண்ணி ஊத்தட்டுமா, வேணாமா?"

கடை சிரித்தது. வெர்ன் சிரிக்கவில்லை.

ஜூன் முதல் வாரம் மில் மேலாளர் ராய்ஸ் ஹாம்லின் மெர்லைக் கூப்பிட்டார். "அந்த ஆபீஸ் மரத்தையெல்லாம் சாய்ச்சிடு மெர்ல். கட்டடத்துக்கு ஆபத்துன்னு அனுமதி வாங்கிட்டேன். உனக்கோ முழங்கால் போச்சு. முடிச்சிட்டு வா, உன்னை மேஸ்திரியாப் போட்டுடறேன், நாற்காலியிலேயே உக்காந்துக்கலாம்."

மறுநாள் காலை மெர்ல் மோட்டார் ரம்பத்தோடு போனான். ஆர்டிஸ் தார்ப்பாய்க்குக் கீழே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்; தலை நிமிரவில்லை. அவன் ஓரமாக நின்ற மரத்தை முதலில் சாய்த்தான். விழும்போது அது பேசியது. வெர்னின் குரல். லாரித் தவணை இன்னும் நாலு வருடம் இருக்கிறது, மகள்களை வைத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போக மாட்டேன், தயவுசெய்து சாலை போடுங்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டு அடங்கியது. வெர்ன் வாயிலிருந்து 'தயவுசெய்து' என்ற சொல்லை மெர்ல் அதுவரை கேட்டதில்லை.

இரண்டாவது மரம் டொலிடோ நகரத்துப் பேருந்து ஓட்டுநர் ஒருவருடையது. இருமிக்கொண்டே பேசியது. "நான் அந்த மலையைப் பாத்ததில்ல. இந்த நுரையீரலோட இனி வரவும் மாட்டேன். சும்மா, அது அங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

மெர்ல் ரம்பத்தை அணைத்தான். விழுந்த மரத்தின்மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நொண்டி நொண்டி மனைவியிடம் வந்தான்.

"பேப்பர் இருக்கா?"

"எதுக்கு?"

"நானும் இந்த நாட்டுக்காரன்தானே."

ஒரு மணி நேரம் எழுதினான். ஆர்டிஸ் படித்தாள். முப்பத்தொரு வருடம் வெட்டிச் சாப்பிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை, எங்களுக்கு வேலை வேண்டும். ஆனால் கோல்டர் முகட்டை நான் வெட்ட மாட்டேன், வேறு யாரும் வெட்டுவதையும் பார்க்க மாட்டேன் என்றிருந்தது.

"இதை எந்தப் பெட்டியில போடறது மெர்ல்?"

"எனக்குத் தெரிஞ்சா எழுதியிருக்க மாட்டேன்."

அவள் இரண்டு பெட்டிக்கும் நடுவில் தரையில் வைத்தாள். மெர்ல் ரம்பத்தை மில்லில் திருப்பிக் கொடுத்தான். நாற்காலி வேறொருவருக்குப் போனது. ராய்ஸ் அனுப்பிய அடுத்த இரண்டு ஆட்களும் ஆளுக்கொரு மரம் சாய்த்து, அது பேசியதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.

அக்டோபரில் முடிவு வந்தது: முகடு அப்படியே இருக்கும். மில் ஒரு ஷிப்டைக் குறைத்தது, மூன்றாம் வருடம் மூடியது. வெர்ன் குடும்பத்தோடு மொன்டானா போனான்; போகுமுன் மெர்லிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆர்டிஸ் அந்த வீட்டைத் தாண்டும்போது பல வருடம் எதிர்ச்சாரியில் நடந்தாள். மெர்லுக்குக் குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. பழைய அலுவலகம் இப்போது வரைபடத்தில் காடு, இரண்டு ஏக்கர். வேட்டைக்கு அனுமதி இல்லை. உட்கார்ந்து படிப்பதற்கு உண்டு.

புது அலுவலகம் சலவைக்கடைக்குப் பக்கத்தில். சென்ற ஏப்ரலில் தெற்குச் சரிவில் ஒரு விடுதி கட்டலாமா என்று அரசாங்கம் மறுபடியும் கருத்துக் கேட்டது. முதல் மூட்டையைத் தபால்காரர் உள்ளே கொண்டுவந்ததும், புதிதாக வந்திருந்த ரேஞ்சர் அதன் கனத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"ஜன்னலோரமா வைங்க," என்றார். "அங்கதான் வெயில் வரும்."