துரையின் கோபுரம்

"தொட்டி உடைஞ்சுதுன்னா முன்னாடி யாருமா இருப்பாங்க?"

மீன் கடை தணிகாசலம் அண்ணன் ஒருநாள் என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டு மீன் தொட்டியில் கல் அடுக்கியிருக்கும் விதத்தைச் சொல்லி, அது நிற்குமா என்று கேட்கத்தான் போயிருந்தேன். தொட்டிக்கு முன்னால் பாய் விரித்துத் தூங்குவது ஏஞ்சல், என் அக்கா பிரவீனாவின் மகள். இன்னும் பேச்சே திருந்தவில்லை. குமிழி விடும் சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

பள்ளிக்கூடத்திலிருந்து நின்றது முதல் நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீடு. முன்பு தறி ஓடிய கூடம். தறிக்குழியை மூடி சிமென்ட் பூசிய இடம் ஒரு விரல் அளவு இறங்கிவிட்டது. வீடு கழுவினால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். அதை ஒட்டி, வாசலைப் பார்த்தபடி மாமா தொட்டியை வைத்திருந்தார்.

மாமா என்றால் அக்கா புருஷன் விமல்ராஜ். ஏனாத்தூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் வளர்ப்பது ப்ளவர்ஹார்ன். நெற்றி புடைத்த பெரிய சிவப்பு மீன். பெயர் துரை. அதோடு வேறு எந்த மீனையும் விட முடியாது. ஏஞ்சலுக்கு வாங்கிய தங்கமீன்களை மாமா ஒருநாள் அதே தொட்டியில் கொட்டினார். முதலில் கண்கள் போயின, பிறகு வால். அழுத குழந்தையின் முகத்தைக் கண்ணாடியோடு அழுத்தி, "பாரு, ராஜா எப்டி துன்றாருன்னு பாரு" என்று காட்டினார்.

பிறகு ஒரு சிலைப் பட்டறையில் கழித்துப் போட்ட கருங்கல் துண்டுகளை ஆட்டோவில் ஏற்றிவந்தார்.

"நம்மூரு கோபுரம் மாதிரி கட்றோம். துரை உள்ள பூந்து பூந்து வரணும்."

தொட்டியில் மண்ணைக் கொட்டி, அதன்மேல் கல்லை வைத்தார்.

"மாமா, அது மண்ணத் தோண்டும். மொதல்ல கல்லு, அப்பறந்தான் மண்ணு" என்றேன். அவரிடம் நான் அதுவரை அவ்வளவு பேசியதில்லை.

"ஊமச்சி வாயத் தொறந்துட்டா பாரு பிரவீனா. ஒம்போதாவது தாண்டல, எனக்குக் கிளாஸ் எடுத்துக்கினு இருக்குது."

சிரித்துக்கொண்டே, தொட்டிக்குள் மண்ணைக் காட்டிய என் விரலின் மேலேயே அடுத்த கல்லை இறக்கினார். நகம் பிளந்தது. அக்கா ஓடிவந்தாள்.

"இன்னாங்க இது, சின்னப் பொண்ணுங்க."

தண்ணீர் மாற்றும் ரப்பர் குழாய் அவர் தோளில் கிடந்தது. அதை மடித்து அவள் முதுகில் வீசினார். குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது. எங்கள் வீட்டில் அடி விழும்போது பக்கத்து வீட்டுத் தறி கொஞ்சம் நிற்கும், பிறகு ஓடும். அன்றும் நின்று ஓடியது.

"எவளாவது கல்லத் தொட்டீங்க, கைய ஒடிச்சுருவேன்."

துரை அன்றே தோண்ட ஆரம்பித்தது. வாய் நிறைய மண்ணை அள்ளித் தள்ளிப்போய்த் துப்பும். அடிக்கல்லுக்குக் கீழே குழி விழுந்ததும் நெற்றியால் கல்லை முட்டும். கோபுரம் முன்பக்கம் சாய்ந்தது. உச்சிக் கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் முதலில் என் கை நுழைந்தது. பிறகு விரல் மட்டும். கடைசியில் கல்லின் கூர்முனை கண்ணாடியைத் தொட்டுவிட்டது. ஏஞ்சலின் பாயைச் சமையலறைக்கு மாற்றினோம். கண் விழித்தால் அவள் மறுபடியும் தொட்டியின் முன்னால் நிற்பாள், மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு.

மாமா சவாரிக்குப் போயிருந்த ஒரு காலையில், தணிகாசலம் அண்ணன் கேட்டதை அக்காவிடம் சொன்னேன். அவள் தொட்டியையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எடுத்துரு. கேட்டா நான் சொல்லிக்கறேன்."

பாதித் தண்ணீரை இறக்கினோம். துரையை ஒரு ஓரமாக ஒதுக்கி, எவர்சில்வர் தாம்பாளத்தை நடுவில் சுவர்போல அக்கா பிடித்துக்கொண்டாள். மீன் அதை முட்டியது. டங், டங்.

"டேய், மெதுவாடா. உங்கப்பன் வந்து எனக்குக் குடுக்கறது பத்தாதா?" என்றாள் அக்கா. ஏஞ்சல் கை தட்டிச் சிரித்தது.

உச்சியிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கினேன். ஒருமுறை தாம்பாளம் நழுவியது. துரை என் பெருவிரலுக்குக் கீழே கடித்துத் தொங்கியது. நான் கல்லை விடவில்லை. விட்டிருந்தால் அடிக் கண்ணாடி போயிருக்கும்.

மண்ணை ஒதுக்கி, அடிக் கண்ணாடியின் மேல் தெர்மாகோல் அட்டையைப் போட்டு, மூன்று பெரிய கற்களை மட்டும் அகலப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்தேன். நாலு பக்கமும் ஒரு கை இடைவெளி விட்டேன். கடைசியில் மண். கையால் தள்ளிப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. தண்ணீரை மறுபடி நிரப்பி, மீதிக் கற்களை வாசலோரம் வைத்தோம்.

சாப்பிட வந்த மாமா கதவருகிலேயே நின்றார்.

"எவ தொட்டது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

அவள் முடியைப் பிடித்து முகத்தைக் கதவு நிலையில் மோதினார். உதடு கிழிந்தது. மறுபடி மோதினார். பக்கத்துத் தறி நின்றது. ஏஞ்சல் அலறிக்கொண்டு என் காலைக் கட்டியது. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கடிபட்ட கையை அவருக்குக் காட்டினேன்.

"நான்தான் மாமா."

வாசலோரம் இருந்த கல்லை இரண்டு கையாலும் தூக்கினார். என் இடுப்பில் அவருடைய பிள்ளை இருந்தது. எறிந்தார்.

நான் திரும்பிவிட்டேன். கல் என் தோளை உரசிக்கொண்டு போய்த் தொட்டியில் இறங்கியது. முன் கண்ணாடி மொத்தமாகச் சரிந்தது. தண்ணீர் கூடம் முழுக்க அடித்துப் போனது. ஏஞ்சல் எப்போதும் நிற்கும் இடத்தில் முழங்கை நீளக் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன.

தறிக்குழி இறங்கிய பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. துரை அதில் பக்கவாட்டில் கிடந்து வாலை அடித்தது. மாமா முட்டி போட்டு, தண்ணீரைக் கையால் அதன் மேல் அள்ளிவிட்டார். முட்டியில் கண்ணாடி குத்தி ரத்தம் வந்தது.

"தண்ணி எடுத்தாடி. செத்துருவான்டி. பிரவீனா, தண்ணி எடுத்தா."

அக்கா உள்ளே போய் நிறைந்த வாளியோடு வந்தாள். மாமா துரையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிமிர்ந்தார். அவள் அவரைத் தாண்டி வாசலுக்குப் போய், வாளித் தண்ணீர் முழுவதையும் தெருச் சாக்கடையில் கவிழ்த்தாள். வெறும் வாளியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

என் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். என் இடுப்பிலிருந்து ஏஞ்சலை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வெறுங்காலோடு கண்ணாடியை மிதித்துத் தெருவில் இறங்கிப் போனாள்.